சீதனத்தில் வந்த வாசிகசாலை

எனக்குத் தந்த சீதனத்தில் ஒரு கல்வீடு, கிணற்றில் பங்கு, ஒரு துண்டுத் தோட்டம், காதுக்கும் கழுத்துக்கும் நகை, இவற்றோடு ஒரு வாசிகசாலையும் இருந்தது. பகிடிக்குச் சொல்லவில்லை. காணி உறுதியில் அப்படித்தான் எழுதிக் கிடந்தது.

நடந்தது இதுதான். அச்சுவேலிச் சந்தைக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் எங்கள் ஊர். எங்கள் வளவின் வடக்கு மூலை ஒழுங்கைப் பக்கமாகச் சும்மா கிடந்தது. நான் பாவாடை சட்டையோடு திரிந்த காலத்தில் ஊர்ப் பெடியள் அப்புவிடம் வந்து, "ஒரு கொட்டில் போட்டுப் பேப்பர் எடுத்து வைக்கப் போறம், அந்த மூலையைத் தாங்கோ" என்று கேட்டார்கள். அப்பு வாயிலிருந்த சுருட்டை எடுக்காமலே "எடுங்கோவன்" என்றார். அந்த ஒரு சொல்தான் உறுதி, அதுதான் முத்திரை. கொட்டில் பிறகு கல்லுச் சுவராகி, ஓடு போட்ட வாசிகசாலையாகி, சனசமூக நிலையம் என்று பலகையும் ஏறி, கிராமச் சபையில் பதிவும் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் வாயால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவர் இல்லை. ஆகவே எழுதி வாங்கவேண்டும் என்றும் எவருக்கும் தோன்றவில்லை.

என் கல்யாணம் ஒப்பேறியபோது, "அந்த மூலையைக் கழிச்சு எழுதுவமோ?" என்று உறுதி எழுதுகிற நொத்தாரிஸ் கேட்டாராம். அப்புவுக்குப் பொறுக்கவில்லை. "மூலை கழிஞ்ச காணியோ என்ரை பிள்ளைக்கு? மாப்பிள்ளை பகுதி என்ன நினைக்கும்? முழுசாய் எழுதும்." முழுசாகவே எழுதினார்கள். கல்யாண வீட்டுப் பந்தலில் பெடியள் மாப்பிள்ளையைச் சுற்றி நின்றுகொண்டு, "அத்தான், வாசிகசாலை மட்டுமில்லை, உள்ளுக்கை இருக்கிற எங்களையும் சேர்த்துத்தான் தந்திருக்கினம். சோறு போடவேணும்" என்று பகிடி விட்டார்கள். அவரும் சிரித்தார். அவருக்கு நல்ல சிரிப்பு. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவருக்குத் தெற்கே, கடற்கரைப் பட்டினம் ஒன்றில் சுருட்டுக்கடை. எங்கள் ஊரில் பாதி ஆம்பிளையள் அப்படித்தான். புகையிலை இங்கே விளையும், ஆட்கள் அங்கே போவார்கள். கல்யாணம் முடிந்து சில கிழமையில் அவர் போனார். கோயில் திருவிழாவுக்கு வருவார், வருஷப்பிறப்புக்கு வருவார். அங்கே கலவரம் வந்தபோது ஒரு பெட்டியோடு ஓடி வந்து கொஞ்சக்காலம் நின்றார். நாடு அடங்கியதும் கடையைப் பார்க்கவேண்டும் என்று போனார். அதற்குப் பிறகு திருவிழா வந்தது, வருஷம் பிறந்தது, அவர் வரவில்லை. மணியோடர் மட்டும் தவறாமல் வந்தது.

அவருக்கு அங்கே ஒரு வீடும் அதில் ஒரு குழந்தையும் இருப்பது ஊருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் ஊருக்குத் தெரியும். ஆனாலும் கிணற்றடியில், கோயிலில், சந்தைக்குப் போகும் வழியில் என்னைக் கண்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"அவர் எப்ப வாறார்?"

"கடையிலை ஆளில்லை. வருவார்."

கெட்ட மனத்தோடு கேட்டதென்று நான் நினைக்கவில்லை. மற்றவர்களைக் கண்டால் "மழை வருமோ?" என்று கேட்பதுபோல என்னைக் கண்டால் அதைக் கேட்டார்கள். பதிலைக் கேட்டுவிட்டு "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு போவார்கள். அந்த ஒரு கேள்வியும் இல்லாவிட்டால் சில நாட்களில் என்னோடு கதைத்தவர் எவருமில்லை என்றாகியிருக்கும்.

அப்புவும் அம்மாவும் போனபின் வீட்டில் நான் மட்டும். பிள்ளையில்லை. என்னுடைய சனமெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது.

வாசிகசாலைக்கும் என் குசினிக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான். காலமை சைக்கிளில் பேப்பர் வந்து விழும். உடனே அதைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். ஒருவரிடம் முன்பக்கம், ஒருவரிடம் நடுப்பக்கம், ஒருவரிடம் மரண அறிவித்தல். அவரவர் தன்னிடமுள்ளதைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் மறுத்துக் கதைப்பார்கள். பிரதம மந்திரியின் பேச்சு பாதியில் நிற்கும், அச்சுவேலியில் வெங்காயம் விலை ஏறும், மானிப்பாயில் ஒருவர் சிவபதம் அடைவார். நான் அடுப்படியில் நின்று தேங்காய் துருவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பேன். பெண்கள் அங்கே போய் இருக்கிற வழக்கம் அப்போது இல்லை. ஆனால் வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி. அதன் வழியாக நேற்றைய பேப்பர் எனக்கு வரும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு வந்த படிப்பெல்லாம் அந்தப் பொட்டால் வந்ததுதான். உலகம் எனக்கு எப்போதும் ஒருநாள் பிந்தித்தான் நடந்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு மாரியில் வாசிகசாலைக் கூரை ஒழுகத் தொடங்கிற்று. முதலில் ஒரு மூலை, பிறகு எல்லா மூலையும். மழை தொடங்கினால், இருக்கிற வாங்குகளை நனையாத இடத்துக்கு இழுக்கும் சத்தமும் கூச்சலும் சிரிப்புமாக இருக்கும். ஒருநாள் ஒரு குரல் சொன்னது: "இஞ்சை பேப்பர் பாக்கிறதெண்டால் ஒரு கையிலை குடை வேணும். பக்கம் பிரட்ட மற்றவன்ரை கையை இரவல் வாங்கவேணும்." நான் குசினியில் தனியே நின்று சிரித்தேன். தனியே நின்று சிரித்தால் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

வாசிகசாலைத் தலைவர் ரெயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து இளைப்பாறியவர். எதையும் வண்டிக் கணக்கில்தான் சொல்லுவார். காரியதரிசி ஒரு வெங்காயத் தோட்டக்காரத் தம்பி. இரண்டு பேருமாக எழுதிப் போட்டு, கந்தோர் கந்தோராக நடந்து, கூரை திருத்த அரசாங்க உதவிப் பணம் தரலாம் என்று சொல்லவைத்துவிட்டார்கள். தலைவர் பொட்டடியில் வந்து நின்று எனக்கும் சொன்னார்: "பிள்ளை, சிக்னல் விழுந்திட்டுது. வண்டி இன்னும் வரேல்லை."

வண்டிக்குப் பதிலாக ஒரு உத்தியோகத்தர் வந்தார். நல்ல வெயில். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டது எனக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"காணி ஆற்றை?"

"எங்கடை" என்றார் தலைவர்.

"எங்கடை எண்டால்?"

"ஊரின்ரை."

"ஊர் எண்டு ஒரு ஆள் உறுதியிலை இருக்கிறாரோ?"

உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான், விளக்கமாகவே சொன்னார். தனியார் காணியில் உள்ள கட்டடத்துக்கு அரசாங்கப் பணம் செலவழிக்க முடியாது. காணியைக் கிராமச் சபையின் பெயரில் எழுதவேண்டும். அது சரிவராவிட்டால் சந்தியில் சபைக்குச் சொந்தமான காணி கிடக்கிறது, அங்கே புதிதாகக் கட்டலாம். எதுவானாலும் இந்த வருஷத்துக்குள் தொடங்கவேண்டும், இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும்.

சந்தி. எங்கள் வீட்டிலிருந்து சந்திக்குக் குரல் கேட்காது. துருவியபடி இருந்த தேங்காயை வைத்துவிட்டுப் பொட்டடிக்குப் போனேன்.

"ஐயா, மூலையை நான் எழுதித் தாறன். என்ரை காணிதானே."

தலைவரின் முகம் மலர்ந்து அடுத்த கணமே சுருங்கியது. "அப்பிடியெண்டால் நொத்தாரிசட்டை ஒருக்காப் போவம்" என்றார்.

அச்சுவேலியில் நொத்தாரிஸ் வீட்டு விறாந்தையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அவர் என் சீதன உறுதியை வாசித்துவிட்டு, அழுக்கில்லாத மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"எழுதலாம். சீதனக் காணி பொம்பிளைக்குத்தான் சொந்தம். ஆனால் எங்கடை தேசவழமைச் சட்டத்திலை, புருஷன் எழுத்திலை சம்மதம் தராமல் அவ அதை ஒருத்தருக்கும் குடுக்கேலாது. அவர் வந்து ஒரு கையெழுத்து வைச்சால் காணும்."

"அவருக்குக் கடையிலை…" என்று நான் தொடங்கினேன். பழக்கம்.

"வராட்டி இன்னொரு வழி கிடக்கு." அவர் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "புருஷன் என்னைக் கைவிட்டிட்டார் எண்டு கோட்டிலை நிண்டு சொன்னால், அவற்றை சம்மதம் இல்லாமலே எழுத நீதிபதி உத்தரவு தருவார். ஆனால் அதை நீங்கள்தான் சொல்லவேணும் பிள்ளை. உங்களுக்காக வேறை ஆரும் சொல்லேலாது."

தலைவர் ஒழுங்கையைப் பார்த்தார். காரியதரிசித் தம்பி நகத்துக்குள் இருந்த செம்மண்ணைப் பார்த்தான். இந்த வழி அவர்களுக்கு முன்னமே தெரிந்திருக்கவேண்டும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மாட்டாமல்தான் நொத்தாரிஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். திரும்பிவரப் பஸ்ஸுக்கு நின்றபோது தம்பி எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தான். நான் கேட்கவில்லை.

அந்த வசனத்தை ஊரில் எவரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்லாதவரைக்கும் நான் கடைக்காரரின் பெண்சாதி. கல்யாண வீட்டில் முன்வரிசையில் இருக்கலாம், ஆலத்தி எடுக்கலாம். கோட்டில் சொல்லிவிட்டால் அது கடுதாசியில் ஏறிவிடும். சொல்லாவிட்டாலோ வாசிகசாலை சந்திக்குப் போய்விடும். கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் சும்மா வெறும் மூலையாகிவிடும். சில நாள் இரண்டையும் மாறி மாறி நினைத்தேன். முன்வரிசையில் இருக்கிறது வருஷத்தில் எத்தனை நாளைக்கு? பேப்பர் நாள்தோறும் வருகிறது.

ஒரு காலமை பொட்டடியில் நின்று கூப்பிட்டேன்.

"ஐயா, கோட்டுக்குப் போவம்."

"யோசிச்சுச் சொல்லுங்கோ பிள்ளை."

"யோசிச்சுப்போட்டன்."

எதிர்வீட்டு மச்சாளிடம் மட்டும் சொன்னேன். என் வயதுக்காரி. வாயைத் திறந்தால் மூடமாட்டாள், ஆனால் சொன்னதை வெளியில் விடமாட்டாள்; இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கிறது என்று எனக்கு எப்போதும் அதிசயம்.

"எடி, அதைச் சொல்ல உனக்கு வாய் வருமோ?"

"வரப் பழக்கவேணும்."

"அப்ப வா, பழக்குவம்." உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறியிருந்து, என் சேலை ஒன்றை எடுத்துத் தோளில் நீதிபதியின் கறுப்பங்கியாகப் போர்த்துக்கொண்டாள். குரலைத் தடிப்பாக்கினாள். "நீர்தானோ மனுக்காரி? உம்மடை புருஷன் எங்கை?"

"கடையிலை ஆளில்லை. வருவார்" என்று என் வாய் தானாகச் சொல்லிற்று.

"வழக்குத் தள்ளுபடி! போய்ச் சோத்தைக் காய்ச்சும்!"

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். மறுபடி கேட்டாள், மறுபடியும் எனக்கு அதே பதில்தான் வந்தது. "நீர் என்ன, ரேடியோவோ? வேறை ஸ்டேசன் எடுபடாதோ?" என்றாள். மறுபடி சிரிப்பு. பிறகு ஒருமுறை நான் நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன்:

"என்ரை புருஷன் என்னை விட்டிட்டுப் போயிட்டார்."

மச்சாள் சேலையைத் தோளிலிருந்து எடுத்தாள். மெல்ல மடித்தாள். "காணும் எடி. உது காணும்" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வசனம் என்னோடு திரிந்தது. முற்றம் கூட்டும்போது சொல்லிப் பார்ப்பேன். கிணற்றில் வாளியை விட்டுவிட்டுச் சொல்லிப் பார்ப்பேன், கிணறு திருப்பிச் சொல்லும். நாள் போகப்போக ஒரு சாதாரண வசனமாயிற்று. சொல்லச் சொல்ல அது இலேசானது. உண்மையைச் சொன்னால், கோட்டுத் தவணையை நான் கொஞ்சம் எதிர்பார்க்கவும் தொடங்கிவிட்டேன். ஒரு பெரிய மனிதர் முன்னால் நின்று, ஒருமுறை, என் வாயால்.

செய்தி என் புருஷனுடைய தமையனின் காதுக்குப் போய்விட்டது. அவர் பக்கத்துக் குறிச்சியில் இருந்தவர். ஒருநாள் மத்தியானம் சால்வையை உதறிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"கோடு கச்சேரி எண்டு எங்கடை குடும்பத்தைச் சந்திக்கு இழுக்கப் போறீரோ?"

"வாசிகசாலை சந்திக்குப் போகாமல் பாக்கிறன்."

"ஒரு கையெழுத்துத்தானே? அவன் என்ன செத்தே போனான்? நான் போய்க் கூட்டியாறன்."

சொன்னபடி கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆனி மாதம். காலமை மெயில் வண்டியில் வந்திறங்கி நேரே தமையன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் விடியவே எழும்பிச் சமைத்து மூடி வைத்துவிட்டு, மச்சாளோடும் தம்பியோடும் பஸ்ஸில் அச்சுவேலிக்குப் போனேன். நொத்தாரிஸ் விறாந்தையில் தலைவரோடும் தமையனோடும் அவர் இருந்தார். கொஞ்சம் தடித்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது. அந்த நரை வந்ததை வேறு ஆரோ நாள்தோறும் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

"சுகமோ?" என்றார்.

"ஓம். நீங்கள்?"

"ஓம்."

பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். நொத்தாரிஸ் உறுதியை வாசித்து முடித்து, "உங்களுக்குச் சம்மதந்தானே?" என்று அவரைக் கேட்டார்.

"அவவின்ரை விருப்பம்தானே என்ரை விருப்பம்" என்றார் அவர்.

எவ்வளவு நல்ல வார்த்தை! தலைவரின் கண் கலங்கியதைக் கண்டேன். தமையன் பெருமையாகத் தொண்டையைச் செருமினார். அவர் கையெழுத்து வைத்தார். நானும் வைத்தேன். அவர் பெயரும் என் பெயரும் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒரு கடுதாசியில் வந்தது கல்யாணப் பதிவுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

அவர் வாசலில் செருப்பைக் கொழுவும்போது சொன்னேன்: "சமைச்சு வைச்சிருக்கிறன்."

"அண்ணை வீட்டிலை சொல்லிப்போட்டினம்." மற்றச் செருப்பையும் கொழுவினார். "பிறகொரு நாளைக்கு வாறன்."

பின்னேரம் வாசிகசாலைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஊருக்கு உதவி செய்தவரை ஒரு தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவார்களா? தேத்தண்ணீர் அங்கே ஏது, வழக்கம்போல என் குசினியிலிருந்துதான். தம்பி பொட்டடியில் வந்து தட்டத்தோடு நின்றான். எனக்கு முகம் கொடுக்கவில்லை. பேணிகளில் ஊற்றினேன். பால் விடாமல் ஒன்றைத் தனியாக வைத்தேன்.

"இது அவருக்கு. சீனி கையிலை குடு. கரைச்சால் குடியார்."

"ஓம் அக்கா" என்று கொண்டு போனான்.

கிடுகுக்கு அந்தப் பக்கம் கதை தொடங்கியது. தெற்கில் சுருட்டு விற்பது எப்படி, அங்கே மழை எப்படி, மீன் என்ன விலை. யாரோ பழைய கல்யாண வீட்டுப் பகிடியை எடுத்தான். "அத்தான், எங்களைச் சீதனமாய் வாங்கினீங்கள், இப்ப கவுண்மேந்துக்கு எழுதி வித்துப்போட்டியள்!" அவர் சிரித்தார். அதே சிரிப்பு. நான் அடுப்பில் தண்ணீர் தெளித்தேன். கொஞ்சநேரத்தால் கார் ஒன்று ஒழுங்கையால் போன சத்தம் கேட்டது. காலியான பேணிகள் பொட்டடிக்கு வந்தன. கழுவி வைத்தேன்.

மூடி வைத்த சோற்றை மச்சாளும் நானும் தின்றோம். அவள் ஒரு பகிடியும் விடவில்லை.

இனிக் கோட்டுக்குப் போகத் தேவையில்லை. எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும், பழக்கி வைத்த அந்த வசனம் எங்கேயும் இறக்கிவைக்க இடமில்லாமல் போய்விட்டது. கையெழுத்து வைத்ததால் அவர் கைவிடாத புருஷனாகிவிட்டார். கடுதாசியே அப்படிச் சொல்கிறது.

பணம் வந்தது. ஓடு, மரம், சீமெந்து எல்லாம் அரசாங்கத்தின் கணக்கு. வேலை ஊரவர் சிரமதானம். கூரையின் பழைய வளைமரத்தைக் கழற்றும்போது கையோடு மாவாய்க் கொட்டிற்று, அவ்வளவுக்குக் கறையான். தம்பி கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "இந்தக் கூரை மரத்திலை நிக்கேல்லை அக்கா. பழக்கத்திலை நிண்டிருக்கு." அவன் சொன்னது கூரையைப் பற்றித்தான். நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

எல்லை அளந்து கல் நாட்டினார்கள். இனி அது சபைக் காணி, என் காணியல்ல. கடைசியாகப் பார்வையிட அதே உத்தியோகத்தர் வந்தார். கூரையைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டு வேலியைச் சுற்றி வந்தவர் பொட்டைக் கண்டார்.

"உதென்ன, எல்லை வேலியிலை ஓட்டை?"

நான் இந்தப் பக்கம் வேலியோடு ஒட்டி நின்றேன்.

"அதோ ஐயா?" என்றார் தலைவர், ஸ்டேஷன் மாஸ்டராக நின்ற காலத்துக் குரலில். "அது லெவல் குறோசிங். ரெண்டு பக்கமும் பாத்துத்தான் கடப்பினம்."

உத்தியோகத்தர் சிரித்துவிட்டார். பொட்டு தப்பியது.

மாரி தொடங்க முதல் திறப்புவிழா. மாவிலை தோரணம், நிறைகுடம், ஒலிபெருக்கி. பெண்கள் வேலியோரமாக என் வளவில் பாய் விரித்து இருந்தோம். தலைவர் பேசினார். அரசாங்கத்துக்கு நன்றி, சபைக்கு நன்றி, தோள் கொடுத்த இளைஞர்களுக்கு நன்றி. பிறகு, "தூர இடத்திலிருந்து தன் தொழிலையும் விட்டு ஓடோடி வந்து, மனைவியின் விருப்பமே தன் விருப்பம் என்று கையொப்பமிட்ட அந்தப் பெருமகனையும், அவர் துணைவியாரையும், இந்த ஊர் மறக்காது" என்றார். கைதட்டல். பாயில் இருந்த பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மச்சாள் மட்டும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் எழும்பி ஓடிவிடுவேன் என்பதுபோல. நான் எங்கே ஓடுவது? என் வளவில்தானே இருக்கிறேன்.

அடுத்த நாள் காலமை தலைவர் நேற்றைய பேப்பரோடு பொட்டடிக்கு வந்தார். விழா நல்லாய் நடந்த சந்தோஷம் முகத்தில் கிடந்தது. பேப்பரை நீட்டிக்கொண்டே, நினைக்காமலே கேட்டார்:

"பிறகு, அவர் எப்ப வாறார் பிள்ளை?"

"அவர் வரமாட்டார் ஐயா. என்னை விட்டிட்டுப் போயிட்டார்."

முற்றம் கூட்டும்போது சொன்ன அதே குரலில் வந்தது. அவ்வளவு பழக்கியிருந்தேன். பேப்பர் இரண்டு பேர் கைக்கும் நடுவே நின்றது. அந்தப் பக்கம் வாசித்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். கிடுகு வேலிதானே, என் பக்கம் கேட்பது அங்கேயும் கேட்கும் என்று நான் அதுவரை நினைத்ததேயில்லை.

"ஓம் பிள்ளை" என்றார் தலைவர். பேப்பரை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிறகு எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கிணற்றடியிலும் கேட்கவில்லை, கோயிலிலும் கேட்கவில்லை. வேறு கேள்வியும் அவர்களிடம் இருக்கவில்லை. என்னைக் கண்டதும் வாயைத் திறப்பார்கள், பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போவார்கள். கோபமில்லை, இளக்காரமில்லை. என்ன சொல்லுவது என்று தெரியாத கஷ்டம். நான் பொய்யோடு இருந்தபோது தந்த அந்த ஒரு சொல்லையும் உண்மையைச் சொன்னதும் எடுத்துவிட்டார்கள் என்று சில நாள் மனம் கசந்தது.

மாரி வந்தது. அந்த வருஷம் நல்ல மழை. புதுக்கூரை ஒரு துளி விடவில்லை. ஆகவே வாங்குகளை இழுக்கிற சத்தமும் இல்லை, கூச்சலும் இல்லை. மழைநாளில் அந்தப் பக்கம் இருந்த சிரிப்பையும் திருத்தி மூடிவிட்டார்களோ என்று இருந்தது. புது ஓட்டில் விழும் மழையின் இரைச்சலில் வாசிப்பவரின் குரலும் எனக்கு எட்டவில்லை. பேப்பரைப் பொட்டடியில் ஒரு கல்லை வைத்து விட்டுப்போவார்கள். ஆளைக் காணமாட்டேன்.

மழை கொஞ்சம் வெளித்த ஒரு காலமை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பொட்டடியில் செருமல் சத்தம். தலைவர். கையில் பேப்பர். அவர் பின்னால் வாங்கில் நாலைந்து பேர் பேப்பர்த் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒருவரும் வாசியாமல், காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள். கனநாளாய் யோசித்து, கூடிப் பேசி, தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியிருப்பார்கள் போலிருந்தது.

"பிள்ளை…" என்றார். வாய்க்குள் எதையோ தேடினார். "இண்டைக்கு என்ன கறி?"

நான் அவரைப் பார்த்தேன். மனுசனுக்கு நெற்றி வேர்த்திருந்தது.

"கத்தரிக்காய் ஐயா. பால்கறி."

"பால்கறியோ!" என்று வாங்கிலிருந்து ஒரு குரல் எழும்பியது. "கத்தரிக்காயைப் பொரிச்சுக் குழம்பு வைக்கவேணும், பால் விட்டுக் கெடுக்கிறதோ?"

"உவனுக்குக் கத்தரிக்காயைப் பற்றி என்ன தெரியும்" என்றான் தம்பி. "அக்கா, முருங்கையிலை கொஞ்சம் போட்டுப் பாத்தியளோ?"

"தட்டுவான் கத்தரியோ, சந்தைக் கத்தரியோ? அதைச் சொல்லாமல் என்ன கதை?"

"சந்தைக் கத்தரிதான்" என்று நான் இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன். "மழைக்குத் தோட்டத்திலை ஒண்டுமில்லை."

அவர்கள் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். தலைவர் பேப்பரை என்னிடம் நீட்டினார். ஈரம் படாமல் இருந்தது, மடிப்புக் குலையாமல் இருந்தது. திகதியைப் பார்த்தேன். இன்றையது.

"ஐயா, இது நீங்கள் இன்னும் பாக்கேல்லையே."

"நீங்கள் பாத்திட்டுத் தாங்கோ" என்றார். "உவங்கள் கத்தரிக்காயை முடிக்க மத்தியானமாகும்."

ஒரு ஆளுக்குக் காணுமான கறிதான் அடுப்பில் கொதித்தது. அதை இறக்கி வைத்துவிட்டு, முன்பக்கத்தை விரித்தேன்.